ஃபிரிட்ஜுக்குள் கேமரா வைத்தால் உணவு வீணாவது குறையுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்கள் ஆத்தாவும் அப்பச்சியும், அதாவது அம்மாவும் அப்பாவும், காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், பூர்வீக வீட்டில் இருவராக இருக்கிறார்கள்; நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஃபிரிட்ஜைத் திறந்தால் பூஞ்சை பிடித்த தக்காளித் தொக்கும், புளித்துப் பொங்கி வழிந்த மாவும், எந்த வாரத்துக் குழம்பு என்று எவருக்கும் தெரியாத கிண்ணங்களும் இருக்கின்றன. உள்ளே கேமரா பொருத்திய, கைபேசிக்குப் படம் அனுப்பும் ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி வைத்தால் இது நிற்குமா, அந்த விலைக்குத் தகுமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த அடுப்படியில் எது, எங்கே, ஏன் வீணாகிறது என்பதைத் தொலைவில் இருந்தபடியே அறிய வழி உண்டா? முதல் கேள்விக்கு என் விடை, வாங்க வேண்டாம் என்பது. இரண்டாவதற்கு வழி உண்டு, செலவும் குறைவு. ஆனால் அதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. குளிர்பதனத் தொழில்நுட்பத்தில் பட்டயம் பெற்று, 22 ஆண்டுகளாகக் காரைக்குடி வட்டாரத்தில் ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்த்து வருகிறேன். கடந்த ஆறேழு ஆண்டுகளாகப் பழைய வீடுகளில் சென்சார், தானியங்கி மோட்டார், கேமரா போன்றவற்றையும் பொருத்தித் தருகிறேன். உணவு நுண்ணுயிரியல் என் படிப்பு அன்று. ஆகவே வெப்பநிலை, மின்சாரம், கருவி ஆகியவை பற்றி உறுதியாகப் பேசுவேன், ஓர் உணவை உண்ணலாமா கூடாதா என்பதில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விதிகளுக்கு மேல் போக மாட்டேன்.

எதையும் வாங்குவதற்கு முன் ஓர் அளவு வேண்டும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு வீணாக்கக் குறியீட்டு அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ வீணாவதாக மதிப்பிடுகிறது. நாளுக்குக் கணக்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 150 கிராம், இருவர் வாழும் வீட்டில் 300 கிராம். இந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில ஊர்களில் அளந்ததை நாடு முழுமைக்கும் பெருக்கி வந்தது அது. தோல், எலும்பு, முருங்கைச் சக்கை போன்ற உண்ண முடியாதவையும் அதில் அடக்கம். உரக்குழிக்குப் போவது அந்தக் கணக்கில் சேரும், மாட்டுக்குப் போவது சேராது. கழுநீர்த் தொட்டி இன்னும் புழங்கும் வீடு உங்களுடையது என்றால் கணக்கே மாறிவிடும். எனவே ஒரு சமையலறைத் தராசு வாங்கிக் கொடுத்து, பதினான்கு நாள் வெளியே கொட்டுவதை மட்டும் நிறுக்கச் சொல்லுங்கள். சோறு, குழம்பு, காய்கறி, பால், மாவு என்று தனித்தனியாகக் குறித்தால் போதும். நான் எழுதி வாங்கிய இத்தகைய குறிப்புகளில் பெரும்பாலும் முதலிடம் சோற்றுக்கு, அடுத்து குழம்புக்கு. வாடிய காய்கறி பிறகுதான் வரும். கேமரா ஃபிரிட்ஜ் செய்யும் கம்பெனிகள் மனத்தில் வைத்திருப்பதோ அந்தக் காய்கறியையும் பழத்தையும்தான்.

இணையத்தில் இணைந்த ஃபிரிட்ஜ் புதிய சங்கதி இல்லை. எல்ஜி நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே ஒன்றை வெளியிட்டது. விலை எட்டாத உயரத்தில் இருந்ததால் அது வீடுகளுக்குள் நுழையவில்லை. 2016இல் சாம்சங் உள்ளே கேமரா வைத்துக் கதவைத் திறக்காமலே பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2024இல் அறிவித்த அதன் மாதிரி, உள்ளே வைக்கும் 33 வகைப் புதுப் பொருள்களைத் தானே அடையாளம் காணும் என்றார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 33 வகையும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் இயந்திரம் சொல்லும். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் வெளிநாட்டு மகள் வாங்கி அனுப்பிய கேமரா ஃபிரிட்ஜை இயக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். கைபேசியில் வந்த முதல் படத்தில் மேல்தட்டில் எவர்சில்வர் கிண்ணங்கள் நான்கு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு. கீழே ஒரு தூக்குச்சட்டி. அதற்குப் பின்னால் மாவுப் பாத்திரம். செயலி அவ்வளவிலும் அடையாளம் கண்டது ஒன்றே ஒன்றை: கதவோரம் கிடந்த எலுமிச்சம்பழம். வீட்டு ஆச்சி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மூடியை எண்ணுமா, உள்ளே இருக்கிறதை எண்ணுமா?" என்று கேட்டார்கள். நான் அதற்கு விடை சொல்லாமல் வைஃபை கடவுச்சொல்லைக் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நம் ஃபிரிட்ஜில் கெடுவது சமைத்த உணவு. அது இருப்பது ஒளி ஊடுருவாத பாத்திரத்தில். கேமராவுக்கு எதிரான என் வாதம் இவ்வளவே, இதைத் தாண்டி வேறு பகை இல்லை. அதே நோக்கத்தை இலட்ச ரூபாயைத் தாண்டும் பெட்டி இல்லாமல் நிறைவேற்ற முடியும். மூடியோடு கூடிய, உள்ளே தெரியும் டப்பாக்களுக்கு மீந்ததை மாற்றுவதும், மூடியில் காகித டேப் ஒட்டித் தேதியைப் பேனாவால் எழுதுவதும் போதும். கண்ணாடி டப்பா மூத்தவர்கள் கைக்குக் கனம். தரமான பிளாஸ்டிக் டப்பாவே வாங்குங்கள், குழம்பு ஆறிய பின் ஊற்றச் சொல்லுங்கள். இன்னொன்று: இருவருக்குப் பெரிய ஃபிரிட்ஜ் வேண்டாம். பெட்டி பெரிதானால் பின்வரிசை ஆழமாகும். பின்வரிசைக்குப் போன கிண்ணம் அடுத்த விருந்தாளி வரும்வரை வெளியே வராது.

பார்கோடை வருடினால் காலாவதித் தேதி தானே பதிவாகிவிடும் என்று சில செயலிகளின் விளம்பரம் நம்ப வைக்கிறது. கடைப் பொருள்களில் நாம் பார்க்கும் 13 இலக்கக் கோட்டில் தேதி கிடையவே கிடையாது. இந்தியாவில் பதிவான நிறுவனங்களுக்கு 890 என்று தொடங்கும் அந்த எண், பொருள் எது என்பதை மட்டும் சொல்லும். தேதியை நீங்கள்தான் தட்டச்ச வேண்டும். தேதியையும் சுமக்கக்கூடிய சதுரக் குறியீடுகள் உள்ளன. 2027 இறுதிக்குள் கடைக் கல்லாக்கள் அவற்றைப் படிக்கும் நிலைக்கு வரவேண்டும் என்று பார்கோடுகளை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. அது வந்தாலும் சந்தைக் கத்தரிக்காய்க்கும் வீட்டில் அரைத்த மாவுக்கும் பார்கோடு வரப்போவதில்லை. குரோசி என்ற இலவசச் சரக்குப் பதிவேட்டு மென்பொருள் நன்றாகவே இருக்கிறது. அதை நான் என் வீட்டில் மூன்று மாதம் நடத்தினேன். நடத்தியது நான் என்பதால் நடந்தது. என் மனைவி ஒரு நாளும் தொடவில்லை, அவர் செய்தது சரி என்றே இப்போது நினைக்கிறேன்.

இனி உறுதியாகப் பயன் தருவதைச் சொல்கிறேன்: வெப்பநிலை. ஃபிரிட்ஜின் உட்பகுதி 5 டிகிரிக்குக் கீழே, முடிந்தால் 4இல் இருக்க வேண்டும். 5க்கும் 60க்கும் இடைப்பட்ட வெப்பம் நோய்க்கிருமிகள் பெருகும் எல்லை. நான் பார்க்கப் போகும் வீடுகளில் எவருக்கும் தம் ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது தெரியாது. திருகில் உள்ள 3, 4 என்ற எண்களை டிகிரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் பால் இரண்டாம் நாளே திரிந்தது. பால்காரரைக் குறை சொல்லி, ஆளையும் மாற்றிவிட்டார்கள். நான் டிஎஸ்18பி20 என்ற நீர்புகா வெப்பநிலைச் சென்சாரை வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகையில் இணைத்து உள்ளே விட்டேன். இரண்டும் சேர்ந்தே ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு வாரப் பதிவில் படம் தெளிவாக விழுந்தது: இரவெல்லாம் 4, 5, நண்பகல் தாண்டினால் ஏறி, மாலை ஐந்து மணிவரை 9க்கும் 11க்கும் இடையில். இரண்டாம் கட்டின் நடையில் நின்ற அந்த ஃபிரிட்ஜின் முதுகில் மேற்கு வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கதவு ரப்பரின் கீழ் மூலையும் வெடித்திருந்தது. பெட்டியை நான்கடி நகர்த்தி, சுவருக்கு அரை அடி இடைவெளி விட்டு, ரப்பரை மாற்றிய பின் பகலிலும் 5ஐத் தாண்டவில்லை. பால்காரரிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

நீங்களே பொருத்துவதானால் சில நுணுக்கங்கள் உண்டு. சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம், பனி உருக்கும் சுற்று ஓடும்போதெல்லாம் கோடு குதிக்கும்; எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்; மூன்றாம் நாள் எச்சரிக்கையை அணைத்துவிடுவீர்கள். ஒரு சிறு புட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் சென்சாரை இறக்கி வைத்தால், உணவு உணரும் வெப்பத்தையே அதுவும் உணரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிப் பெட்டிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்க, 2015 முதல் ஈவின் என்ற திட்டத்தின்கீழ் இதைப் போன்ற சென்சார்கள் சிம் வழியாகத் தகவல் அனுப்புகின்றன. ஊசிக்குச் செய்வதைச் சோற்றுக்குச் செய்கிறோம், வேறொன்றுமில்லை. திடீரென்று 85 டிகிரி என்று காட்டினால் பதறிப் பெற்றோரை எழுப்ப வேண்டாம். அந்தச் சென்சார் மின்னிணைப்பு விட்டு வந்ததும் அளப்பதற்கு முன்பே படித்துவிட்டால் தரும் எண் அது. பெரும்பாலும் ஒயர் தளர்ந்திருக்கும், அல்லது சென்சாரோடு இணைக்கும் 4.7 கிலோ ஓம் மின்தடையத்தின் பற்றவைப்பு விட்டிருக்கும். பலகையை வெளியே வைத்து, தட்டையான மெல்லிய ஒயரை மட்டும் கதவு ரப்பர் வழியே உள்ளே செலுத்துங்கள். பேட்டரியில் ஓடும் ப்ளூடூத் சென்சாரை உள்ளே வைத்தால் உலோகப் பெட்டி அலையை மறைக்கும், குளிரில் பேட்டரியும் சோர்ந்துபோகும்.

செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. ஒரு தெருவில் முகப்பு, மறு தெருவில் பின்வாசல் என்று நீளும் வீட்டில் ரௌட்டர் முகப்பில் இருக்கும். அடுப்படி மூன்று கட்டு தாண்டி இருக்கும். நடுவில் சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை வளவை, அதாவது முகப்பை அடுத்த முற்றப் பகுதியை, தாண்டாது, 2.4 கூட இரண்டாம் கட்டில் மூச்சு வாங்கும். வளவின் திறந்த முற்றத்தை நோக்கி ஓர் இடைநிலை வைஃபை பெட்டி வைத்தால் சுவர்களைச் சுற்றிக்கொண்டு அலை போய்ச்சேரும். தேக்குத் தூணில் ஆணி அடிக்க வருபவரை மட்டும் தடுத்துவிடுங்கள்.

மின்தடையை மறக்கக் கூடாது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தும் நாளில் இந்தக் கணக்கு உதவும். ஆனால் மின்சாரம் போனால் ரௌட்டரும் போகும்; எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கருவி ஊமையாகும். ஆகவே ரௌட்டரையும் சென்சாரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுங்கள். கூடவே, அரை மணி நேரம் தகவல் வராவிட்டால் அதையே எச்சரிக்கையாக அனுப்பும்படி உங்கள் பக்கத்தில் அமைத்துவிடுங்கள். கைபேசியில் இருந்து அணைக்கக்கூடிய பிளக்கை ஃபிரிட்ஜுக்கு மாட்டாதீர்கள். கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை மலிவான பிளக்குகள் நெடுநாள் தாங்குவதில்லை. பேரப்பிள்ளை விளையாட்டாகத் தொட்டு அணைத்துவிட்டால், எந்த வீணாக்கத்தைத் தடுக்க மாட்டினீர்களோ அதுவே பெட்டி நிறைய நடக்கும்.

இப்போது ஐயத்துக்குரியவை. உணவு கெட்டதா என்பதை வாயுவை முகர்ந்து சொல்லும் சென்சார்கள் என்று விற்கப்படுபவற்றை நான் சோதித்திருக்கிறேன். என் அனுபவத்தில் அவை பயன்படவில்லை. மலிவான வாயு சென்சார்கள் வெள்ளீய ஆக்சைடு பூச்சில் இயங்குபவை. பல வாயுக்களுக்கும் ஒரே மாதிரி துள்ளுபவை. ஈரப்பதமும் வெப்பமும் மாறினாலே அளவு மாறும். புளித்த மாவையும் வெங்காயத்தையும் அழுகலையும் பிரித்தறியும் நுண்மை அவற்றுக்கு இல்லை. மனித மூக்கும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. நோய் தரும் கிருமிகள் பல, நாற்றத்தையோ சுவை மாற்றத்தையோ தராமலே பெருகுகின்றன. குறிப்பாகச் சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். நெடுநேரம் வெளியே கிடந்த சோற்றில் அது உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. வடித்த சோற்றை எடுத்து வைப்பதானால் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மூத்தவர்கள் உண்ணும் வீட்டில், வீணாகாமல் காப்பதைவிட இது முந்தியது. சமையலறைக் கழிவைக் காயவைத்துப் பொடியாக்கும் மின்பெட்டிகள் வீணாவதைக் குறைப்பதில்லை, வீணானதன் உருவத்தை மாற்றுகின்றன.

ஆனால் மீதமே உண்டாகாமல் செய்ய முடியுமா என்பதில்தான் பெரிய ஆதாயம் இருக்கிறது. அதன் நேரம் உலை வைப்பதற்கு முன்புள்ள பத்து நிமிடம். உங்கள் ஆத்தா ஒரு காலத்தில் பதினைந்து இலைக்கு வடித்தவர்களாக இருக்கக்கூடும். கை அந்த அளவை மறக்காது. யாராவது வந்துவிட்டால் என்று ஓர் உழக்கு கூடப் போடுவது நம் பக்கத்து மரியாதை, அதை எந்தக் கருவியும் மாற்றக் கூடாது என்பதே என் எண்ணம். கருவி செய்யக்கூடியது ஒன்று: யார் வருகிறார்கள், உள்ளே என்ன மிச்சம் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் காதில் போடுவது. ஒரு வீட்டில் அடுப்படியில் சிறு ஸ்பீக்கர் வைத்து, காலை ஒன்பது மணிக்குத் தமிழில் பதிவு செய்த குரல் ஒலிக்கும்படி செய்தேன். குரல் சென்னையில் இருக்கும் மகளுடையது: "ஆத்தா, மேல்தட்டைப் பார்த்துட்டு உலை வைங்க." வேலைக்கு வரும் அம்மாள் இரவு ஃபிரிட்ஜைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார், டப்பாக்கள் உள்ளே தெரிபவை என்பதால் படம் பயன்பட்டது. அந்த வீட்டில் வாரத்துக்கு நிறுத்த கழிவு இரண்டு மாதத்தில் ஏறத்தாழப் பாதியானது. ஒரே வீட்டு அளவு என்பதால் இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; நிறுப்பதே அவர்களை மாற்றியிருக்கலாம், ஸ்பீக்கருக்கு அதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கருவி இல்லாமலும் நடக்கும் என்பதற்குப் பெரிய அளவில் சான்று இருக்கிறது. பிரிட்டனில் ராப் என்ற அமைப்பு 2007இல் தொடங்கிய பிரசாரம் திட்டமிட்டு வாங்குவது, அளந்து சமைப்பது, மீந்ததைப் பயன்படுத்துவது ஆகியவற்றையே பேசியது. 2007க்கும் 2012க்கும் இடையில் அங்கே வீடுகளில் தவிர்க்கக்கூடிய வீணாக்கம் 21 விழுக்காடு குறைந்தது. அக்காலத்தில் உணவு விலை ஏறியதற்கும் அதில் பங்குண்டு. ஐந்தொகைக் கணக்கு எழுதிப் பழகிய ஊருக்கு, அரிசி களைந்த கழுநீரையும் கொட்டாமல் மண்டிக் குழம்பு வைத்த அடுப்படிக்கு, இதில் புதிதாகக் கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை.

சாமான் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. கவுனி அரிசி, பருப்பு, வற்றல் இவை ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறி வண்டும் பூஞ்சையும் பிடிப்பது ஃபிரிட்ஜில் கெடுவதைவிடப் பெரிய நட்டமாகக்கூட இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியை அங்கே மாட்டி, 65 விழுக்காட்டைத் தாண்டினால் மூடிகளை இறுக்கவும், வெயில் வந்த நாளில் முற்றத்தில் பரப்பவும் சொல்லுங்கள்.

இதில் எதைச் செய்தாலும் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தம் அடுப்படியை மகன் சிங்கப்பூரில் இருந்து வேவு பார்க்கிறான் என்று ஒருமுறை தோன்றிவிட்டால், சென்சார் இருக்கும் புட்டியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மூடிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவு ரப்பரில் வைத்து மூடி, நான்கு மூலையிலும் இழுத்துப் பாருங்கள். எங்காவது தடையின்றி நழுவி வந்தால் முதலில் அந்த ரப்பரை மாற்றுங்கள். வெப்பமானி அதற்கு அடுத்து, ஸ்பீக்கர் அதற்கும் அடுத்து. ஃபிரிட்ஜுக்குள் குளிர்காற்று வரும் துளைக்கு முன்னால் மாவுப் பாத்திரம் அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.